லேப்டாப்பில் ஹெட்போன் ஒலி: டிஏசி வாங்குவதா, ஆம்ப்ளிஃபயர் வாங்குவதா, வேறு வழி உண்டா?

தோடிப்பிரியன்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். வயலின் கற்கிறேன். பழைய கச்சேரிப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சங்கதிகளை (ஒரே வரியை விதவிதமாக இசைக்கும் விதங்களை) எழுதி எடுப்பதில்தான் என் மாலைநேரம் கழிகிறது. என்னிடம் இருப்பது பேயர்டைனமிக் டிடி 990 புரோ ஹெட்போன், 250 ஓம் மின்மறுப்பு (மின்சாரத்துக்குக் காட்டும் தடை) கொண்ட வகை. அதை நேராக லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையில் செருகிக் கேட்கிறேன்.

ஒலியளவை முழுவதும் ஏற்றினாலும் போதவில்லை. ஆலாபனையின் தொடக்கத்தில் வில் மெல்ல நகரும் இடங்கள் காதில் விழுவதே இல்லை. பாட்டு ஓடாதபோதும் பின்னால் ஓர் இரைச்சல் இருக்கிறது. சார்ஜரைச் செருகினால் அதோடு ரீங்காரமும் சேர்ந்துகொள்கிறது. இன்னொன்று, வயலினின் மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது. நீண்ட நேரம் கேட்டால் தலை வலிக்கிறது.

15,000 ரூபாய் வரை செலவிடலாம் என்றிருக்கிறேன். விசாரித்த கடையில் டிஏசி (டிஜிட்டல் கோப்பை ஒலி மின்சாரமாக மாற்றும் கருவி) தனியாக, ஆம்ப்ளிஃபயர் தனியாக வாங்கினால்தான் நல்லது என்றார்கள். அப்படி வாங்கினால் தொகை இரு மடங்காகிவிடும். எதிலிருந்து தொடங்குவது?

மின்மறுப்பு

நான் கோவையில் மின்னணுச் சாதனங்கள் பழுது பார்ப்பவன். கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் குறைகள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. ஒலியளவு போதாதது மின்னழுத்தக் குறைவு. இரைச்சலும் ரீங்காரமும் லேப்டாப்பின் உட்பகுதியிலிருந்தும் உங்கள் வீட்டு மின்இணைப்பிலிருந்தும் வருகின்றன. காதைக் குத்துவது அந்த ஹெட்போனின் இயல்பு. எவ்வளவு விலை கொடுத்து டிஏசி வாங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

முதலாவதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தயாரிப்பாளர் தரும் விவரப்படி உங்கள் ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் ஒலி தரும். 250 ஓமில் 1 மில்லிவாட் செல்ல 0.5 வோல்ட் வேண்டும். மின்னழுத்தம் இரு மடங்கானால் 6 டெசிபல் கூடும். ஆக, 1 வோல்ட்டில் 102 டெசிபல், 2 வோல்ட்டில் 108. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் ஹெட்போனை எடுத்துக்கொண்டால் அது 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 1 வோல்ட்டிலேயே 113 டெசிபலை எட்டிவிடும். அதனால்தான் அதே லேப்டாப்பில் அது அதிரும்போது உங்களுடையது முணுமுணுக்கிறது.

102 டெசிபலே காதைப் பிளக்கும் அளவாயிற்றே என்று தோன்றும். அது கோப்பின் உச்சபட்ச அளவுக்கான எண். கச்சேரிப் பதிவில் அந்த உச்சத்தைத் தொடுவது மிருதங்கத்தின் ஓர் அடியோ மைக் அருகே எழுந்த கைத்தட்டலோதான். ஆலாபனை அதைவிட 30 டெசிபல், சில பதிவுகளில் இன்னும் கீழே இருக்கும். இன்றைய திரைப்பாடல்களைப் போல எல்லாவற்றையும் அழுத்தி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்த பதிவு அல்ல அது. அதனால் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. பல லேப்டாப் துளைகள் 1 வோல்ட்கூடத் தருவதில்லை.

2 வோல்ட் தரும் யூஎஸ்பி டாங்கிள் (லேப்டாப்பில் செருகும் சிறு ஒலிக்கருவி) ஒன்று போதும். உள்ளே டிஏசியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே இருக்கும். உங்கள் தொகையில் பெரும்பகுதி மிச்சமாகும்.

வெற்றிடக்குழாய்

மின்மறுப்பு அவர்கள் சொல்வதைப் பாதி ஏற்கிறேன். எண்களால் மட்டும் இசை கேட்பதில்லையே. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி நானே வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் செய்து, சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனில் கேட்கிறேன். அதில் தம்புராவுக்கு வரும் உடல், டாங்கிளில் வரவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், காற்றைத் தள்ளுவது தெரிகிறது. தோடிப்பிரியனும் கர்நாடக இசைதான் கேட்கிறார். ஆறு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து, நல்ல டிஏசியும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் வாங்கினால் பிறகு மாற்றவே தேவையிருக்காது.

நள்ளிரவு ஒலிக்கூடம்

நான் ஒலித்தொகுப்பாளர். பகல் முழுவதும் ஹெட்போன்தான் என் தொழில்.

டிஏசிகளைப் பற்றி என் கருத்து உறுதியானது. ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டிஏசிகளின் ஒலியளவைச் சரிசமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால், வேறுபாடு காண்பது மிகக் கடினம். ஒலியளவைச் சமமாக்குவதுதான் இதில் முக்கியம். சற்றே உரத்து ஒலிப்பதை நம் காது 'தெளிவானது', 'உயிருள்ளது' என்று எடுத்துக்கொள்கிறது. அரை டெசிபல் வேறுபாடு ஒலியளவாகத் தெரியாது, தரமாகத்தான் தெரியும். வீட்டில் செய்து பார்க்க விரும்பினால், 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, ஹெட்போன் செருகியிருக்கும் நிலையிலேயே மல்டிமீட்டரின் ஏசி அளவில் இரு கருவிகளின் மின்னழுத்தத்தையும் ஒன்றாக்குங்கள். மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தவறாகக் காட்டக்கூடும் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ் என்கிறேன். பிறகு வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

குறுந்தட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை) தரும். கச்சேரி அரங்கில் ஒலிநாடாவில் எடுத்த பதிவுக்கு அதில் பாதியை ஒட்டித்தான் வீச்சு இருக்கும். 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

லேப்டாப்பின் துளை மோசமாக ஒலிப்பதற்குக் காரணம், பெரும்பாலும் உள்ளிருக்கும் டிஏசி சில்லு அல்ல. அதைச் சுற்றியுள்ள வடிவமைப்பு. நெருக்கமான பலகையில் பிராசஸருக்கும் திரைக்கும் போகும் மின்சாரத்தின் அலைவுகள் ஒலிப்பாதைக்குள் கசிகின்றன. டாங்கிள் அந்த வேலையைப் பலகைக்கு வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

தோடிப்பிரியன், இப்போதே செலவில்லாமல் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் ஒலி அமைப்புகளில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். பல லேப்டாப்கள் சிறு ஸ்பீக்கரின் குறையை மறைக்க மேல் அதிர்வெண்களைத் தூக்கி, எல்லாவற்றையும் அழுத்தும் மென்பொருளோடு வருகின்றன. சிலவற்றில் அது ஹெட்போனுக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

தோடிப்பிரியன்

அணைத்துவிட்டேன். குத்தல் கொஞ்சம் குறைந்தது, நீங்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் ரீங்காரம் உடனே நின்றுவிடுகிறது. இரைச்சல் மட்டும் இருக்கிறது. உலாவியில் பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது அதன் சுருதியே மாறுகிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் லேசான குறுகுறுப்பு வேறு. இது ஆபத்தா?

மின்மறுப்பு

உருட்டும்போது சுருதி மாறும் இரைச்சல் உள்ளிருந்து வருவது. நள்ளிரவு ஒலிக்கூடம் சொன்ன கசிவு அதுதான். டாங்கிளோடு அது போய்விட வேண்டும்.

குறுகுறுப்புக்கும் ரீங்காரத்துக்கும் வேர் ஒன்றே. இரண்டு முள் சார்ஜராக இருக்கும், அல்லது மூன்று முள் சார்ஜரை எர்த் இல்லாத பிளக்கில் செருகியிருப்பீர்கள். இந்த வகை சார்ஜர்களில் மின்குறுக்கீட்டைக் குறைக்க, மின்இணைப்புப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடலிலேயே நின்று உங்கள் விரலைத் தேடும். நல்ல சார்ஜரில் அந்தக் கசிவு பாதுகாப்பு வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் வீட்டில் எர்த் இல்லையென்றால் அது ஹெட்போனைவிடப் பெரிய விஷயம். ஃபிரிட்ஜிலும் கிரைண்டரிலும் பழுது வரும்போது உயிரைக் காப்பது அந்த ஒரு கம்பிதான். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறையின் பிளக்கைச் சோதியுங்கள். மூன்றாவது துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. பழைய வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதே காரணத்துக்காகத்தான் டாங்கிளைச் சொன்னேன். தனியாக மின்சாரம் எடுக்கும் மேசை ஆம்ப்ளிஃபயரை வாங்கினால், லேப்டாப் ஒரு வழியிலும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு வழியிலும் மின்இணைப்பைத் தொடும். இரண்டும் யூஎஸ்பி கம்பியால் இணைந்திருக்கும். அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் புகுந்துகொள்ளும். லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டாங்கிளில் அந்த வளையம் உருவாவதில்லை.

குறிஞ்சிநகர் மாணவன்

அண்ணா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் சிக்கல் நேர்மாறானது. காதுக்குள் செருகும் இயர்போன், ஒரு பக்கத்துக்குப் பல இயக்கிகள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) கொண்டது. லேப்டாப்பில் ஒலியளவை 4-க்கு மேல் வைக்கவே முடியாது. ஆனால் ஒலி கைப்பேசியில் கேட்பது போல இல்லை. குரல் பின்னால் போய் ஏதோ போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. எனக்கும் ஆம்ப்ளிஃபயர் தேவையா?

மின்மறுப்பு

தம்பி, உங்களுக்கு சக்தி வேண்டாம். குறைந்த வெளியீட்டு மின்மறுப்பு வேண்டும். எல்லா ஒலித்துளைக்கும் உள்ளே ஒரு தடை உண்டு, அதுதான் வெளியீட்டு மின்மறுப்பு. பல இயக்கிகள் கொண்ட இயர்போனின் மின்மறுப்பு ஒரே எண்ணாக நிற்காது, அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 40 ஓம், இன்னோரிடத்தில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். துளையின் தடை 10 ஓம் என்றால், 40 ஓம் இடத்தில் சுமார் 2 டெசிபல் இழப்பு, 8 ஓம் இடத்தில் 7 டெசிபல். நீங்கள் கேட்காமலேயே 5 டெசிபல் ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டுவிட்டது போல் ஆகிறது. துளையின் தடை 1 ஓம் என்றால் அந்த வேறுபாடு 1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் துளையின் தடை இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆப்பிளின் சிறிய யூஎஸ்பி-சி டாங்கிள் இந்த வேலைக்குப் போதும். அதன் தடை 1 ஓமை ஒட்டியது, உச்சம் 1 வோல்ட். ஐரோப்பாவில் விற்கும் வகை மட்டும் 0.5 வோல்ட்டோடு நின்றுவிடும், அதை வாங்கிவிடாதீர்கள். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது முழு ஒலியளவு தருவதில்லை. லேப்டாப்பில் அந்தச் சிக்கல் இல்லை.

நள்ளிரவு ஒலிக்கூடம்

தோடிப்பிரியனின் தலைவலிக்கு வருகிறேன். டிடி 990-இல் 8,000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு முகடு, அதாவது ஒலி தூக்கலாக இருக்கும் இடம், உண்டு. வயலினில் வில் உராயும் ஒலி, ஜால்ராவின் ஓசை, குரலில் 'ச', 'ஸ' எல்லாம் அங்கே வந்து விழுகின்றன. பதிவு சற்றே கூர்மையாக இருந்தால் இரண்டும் கூடிக் காதைக் கிழிக்கும்.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் என்றால் ஈசிஎஃபெக்ட்ஸ். உங்கள் ஹெட்போனுக்கான தயார் அமைப்புகள் ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில் கிடைக்கும். ஆனால் அவற்றை அப்படியே ஏற்றிவிட்டு நிற்காதீர்கள். அந்த உயரத்தில் முகடு எங்கே விழும் என்பது உங்கள் காதுமடலையும் ஹெட்போன் உட்காரும் விதத்தையும் பொறுத்தது. 5,000-இலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சைன் அலையைக் குறைந்த ஒலியளவில் ஓடவிடுங்கள். எங்கே திடீரென்று உரத்துக் கேட்கிறதோ, அங்கே ஒரு வடிகட்டியை வைத்து 5 டெசிபல் குறையுங்கள். அகலத்துக்கான க்யூ எண் 2-இல் தொடங்கலாம். பிறகு நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு பதிவைப் போட்டு, வயலின் வயலினாகக் கேட்கும் வரை கூட்டிக் குறையுங்கள். வயலின்காரரான உங்களுக்கு இதில் என்னைவிட நல்ல காது இருக்கும்.

குறைப்பதால் கெடுதலில்லை. எதையாவது கூட்டினால் மட்டும் கவனம் தேவை. தொப்பி நன்றாகக் கேட்கட்டும் என்று தாழ்ந்த அதிர்வெண்களில் 5 டெசிபல் கூட்டினால், மொத்த அளவையும் 5 டெசிபல் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அந்த 5 டெசிபலைத் திரும்பப் பெற ஆம்ப்ளிஃபயரில் இடம் வேண்டும். மின்மறுப்பு 1 வோல்ட் டாங்கிளைச் சொல்லாமல் 2 வோல்ட் என்றது இங்கேதான் கைகொடுக்கும்.

இன்னொன்று: பாடல் மென்பொருளில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையை (விண்டோஸின் ஒலிக்கலப்பைத் தாண்டி நேராகக் கருவிக்கு அனுப்புவதை) தேர்ந்தால் ஈக்வலைசர் ஏபிஓ வேலை செய்யாது. 'போட்டேன், எதுவும் மாறவில்லை' என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

காதுமெத்தைகளையும் பாருங்கள். வெல்வெட் மெத்தை தட்டையாகிவிட்டால் இயக்கி காதுக்கு நெருங்கி வந்து ஒலியின் சமநிலையே மாறும். புதிய மெத்தை தனியாகக் கிடைக்கும். ஒரு ஹெட்போனுக்குச் செய்யும் செலவில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

வெற்றிடக்குழாய்

நான் கேட்டதைக் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். எச்டி 650-இல் கீழ்ச் சுருதிகளுக்குச் செழுமை கூடியது மெய்.

மின்மறுப்பு

கற்பனை என்று நான் சொல்லவே மாட்டேன். நீங்கள் கேட்டது மெய்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். 100 ஓம் இருப்பது சாதாரணம். எச்டி 650 பெயரளவில் 300 ஓம் என்றாலும், 100 ஹெர்ட்ஸ் அருகே அது 500 ஓம் வரை ஏறும். 100 ஓம் துளையில் செருகினால் அந்த இடம் மற்ற இடங்களைவிட 1 டெசிபல் போல உயர்ந்து ஒலிக்கும். தம்புராவுக்கு வந்த உடல் அங்கிருந்துதான் வருகிறது. மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் வால்வு தானாகச் சேர்க்கும் ஓசையும் சிறிது சேர்ந்திருக்கலாம். உங்களுக்கு அது பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கதி எழுதி எடுக்க வந்தவருக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்ல இது போதாது. அதே 1 டெசிபலை ஈக்வலைசரில் இன்றிரவே போட்டுப் பார்க்கலாம்.

வால்வு இல்லாமல் செய்யவும் வழி உண்டு. பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 2011-இல் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபயரின் வரைபடம், அளவீடுகள் எல்லாவற்றையும் இலவசமாகப் பொதுவில் வைத்தார். சாதாரண ஐசிகளைக் கொண்டே சால்டரிங் தெரிந்த எவரும் செய்துவிடலாம். விலைக்கும் தரத்துக்கும் தொடர்பு குறைவு என்பதைப் பலருக்குக் கையில் வைத்துக் காட்டியது அது.

செவிப்பறை

காது பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றுகிறேன். 108, 113 என்ற எண்களைப் படித்ததும் எழுதத் தோன்றியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. வயலின் வாசிப்பவருக்கு வாசிப்பிலேயே, அதுவும் இடது காதில், நிறைய ஒலி விழுகிறது. சாதகம் முடித்த கையோடு ஹெட்போனில் உட்காரும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் வந்ததும், அமைதியான பதிவிலிருந்து இன்றைய திரைப்பாடலுக்கு மாறும் முன் ஒலியளவை இறக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். உங்கள் தலைவலி, ஒலி குறைந்த பிறகும் தொடர்ந்தால், அல்லது காதில் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாடி

சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் வாங்கும் எண்ணம். என்னுடையது 2021-இல் வந்த 14 அங்குல மேக்புக் புரோ. இதற்கும் டாங்கிள் வேண்டுமா? புளூடூத் ஹெட்போனில் கேட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நண்பர் சொல்கிறார், அதுவும் சரியா?

நள்ளிரவு ஒலிக்கூடம்

வேண்டாம். அந்த மாடலின் துளை, செருகிய ஹெட்போனின் மின்மறுப்பை உணர்ந்து 150 ஓமுக்கு மேல் என்றால் 3 வோல்ட் வரை தரும் என்று ஆப்பிளே சொல்கிறது. பணத்தை முழுவதும் ஹெட்போனுக்கே கொடுங்கள்.

பாட்டு மட்டும் கேட்பதென்றால் நல்ல புளூடூத் ஹெட்போனில் குறையில்லை. இணையவழிக் கூட்டத்தில் அதன் மைக்கைத் திறந்த உடனே பல லேப்டாப்களில் இணைப்பு தொலைபேசி முறைக்கு இறங்கி, பின்னால் ஓடும் பாட்டு ஒற்றை ஒலியாகத் தேய்ந்துவிடும். மைக்கை லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டால் இது நேராது. வயலின் பயிற்சியோடு சேர்த்து வாசிக்கவோ படத்தொகுப்புக்கோ ஒலி தாமதமாவது தடையாகும், அவற்றுக்குக் கம்பிதான்.

தோடிப்பிரியன்

அனைவருக்கும் நன்றி. 2 வோல்ட் டாங்கிள் வாங்கினேன், புதிய மெத்தைகளும் போட்டேன். இரண்டும் சேர்ந்தே 15,000-இல் பாதியைத் தொடவில்லை. உருட்டும்போது வந்த இரைச்சல் முற்றிலும் போய்விட்டது. அறையின் பிளக்கில் எர்த் கம்பியே இல்லை என்று எலக்ட்ரீஷியன் காட்டினார். புதிதாக இழுத்துவிட்டார், குறுகுறுப்பும் ரீங்காரமும் நின்றன. குத்தல் எனக்கு 8,400 ஹெர்ட்ஸில் இருந்தது. அங்கே 6 டெசிபல் குறைத்தேன். இப்போது கமகத்தின் நடுவில் விரல் எங்கே நின்று எங்கே நழுவுகிறது என்பது கேட்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த கோப்புகள் மட்டும் இன்னும் கடினமாக இருக்கின்றன. சரசரப்பு முன்பைவிட நன்றாகவே கேட்கிறது! இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

நள்ளிரவு ஒலிக்கூடம்

மகிழ்ச்சி. அந்தத் தட்டுகளுக்கென்று ஈக்வலைசரில் தனி அமைப்பு ஒன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். 1925-க்கு முன் மைக் இல்லாமல் கூம்பு வழியாகப் பதிந்த தட்டுகளில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை அநேகமாக இல்லை. அதற்கு மேலே கேட்பது அரக்குத் தட்டின் சரசரப்பு மட்டுமே. அங்கே வெட்டிவிடலாம். மின்சார முறையில் பதிந்த பிந்தைய தட்டுகளுக்கு 7,000 அல்லது 8,000 வரை விட்டுவைத்துப் பாருங்கள். மிகவும் கீழே வெட்டினால் வயலின் மங்கி, சங்கதியின் விளிம்பு போய்விடும். கீழே 70 ஹெர்ட்ஸுக்குக் குறைவானதையும் நீக்கினால் தட்டு சுழலும் உறுமல் அடங்கும்.

இடதும் வலதும் தனித்தனியாகப் பதிவான கோப்பாக இருந்தால் இரண்டையும் கூட்டி ஒற்றை ஒலியாக்குங்கள். தட்டில் இருப்பது ஒரே ஒலிதான். இரு பக்கத்திலும் வேறுபட்டு விழும் சரசரப்பில் ஒரு பகுதி அப்போது தானாகக் கழிந்துவிடும். ஒரு பக்கப் பள்ளம் மட்டும் தேய்ந்திருந்தால் கூட்ட வேண்டாம். தேயாத பக்கத்தை மட்டும் எடுத்து இரு காதுக்கும் அனுப்புங்கள். எந்தப் பக்கம் என்பது தட்டுக்குத் தட்டு மாறும், ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.